மாண்டாக் படகுகள்: மகனுக்கு ஒரு கடிதம்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

நீ அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் மாண்டாக்கிலிருந்து மீன்பிடிப் படகில் போய்வந்த படத்தை உன் சித்திதான் காட்டினாள். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளை அட்லாண்டிக்கில் அவ்வளவு பெரிய மீனைப் பிடித்திருக்கிறான் என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். ஆனால், உனக்குப் பின்னால் ஒரே பக்கக் கம்பியோரம் ஆட்கள் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் கூரையடியில் செருகியபடியே இருக்கின்றன. உன் மேல் ஒன்றும் இல்லை.

அதன்பின் அந்தப் படகுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் ஏற்றிச் செல்லும் படகுகள். நியூயார்க்கிலிருந்து மீன்பிடிக்க வருவோருக்கென்றே தனி ரயில் விட்டிருக்கிறார்கள். ரயில் நின்றதும் படகில் இடம்பிடிக்க ஓடுவார்களாம். அப்படி ஏறியவர்களோடுதான் 1951 செப்டம்பர் 1 அன்று 'பெலிக்கன்' என்ற படகு, தாங்கும் அளவை மீறி மொத்தம் 64 பேரைச் சுமந்து புறப்பட்டது. காற்று மாறித் திரும்பும் வழியில் ஓர் இன்ஜின் நின்றுபோக, மாண்டாக் முனைக்கு அருகிலேயே அது கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் படகுகளைக் கடலோரக் காவல் படை சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற சட்டம் 1956-இல்தான் வந்தது.

இப்போது சட்டம் இருக்கிறது, ஆள்கணக்கும் உண்டு என்பாய். இருக்கட்டும். கூட்டம் ஒரு பக்கம் சாயாத இடமாகப் பார்த்து நில். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள். மற்றவர்கள் போடவில்லையே என்று பார்க்காதே. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது உன் சித்தப்பா நின்ற இடம் உனக்குத் தெரியும். தண்ணீரைப் பற்றி நான் சும்மா பேசவில்லை.

முன்பெல்லாம் ஞாயிறு காலையில் தவறாமல் பேசுவாய். வேலை மிகுதி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தனியாகப் போகிறாயா, உடன் யாரேனும் வருகிறார்களா என்று அவள் கேட்கச் சொன்னாள். யார் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமே. அவர்களையும் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்.

அடுத்த முறை புறப்படுமுன் படகின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் அம்மாவின் வாட்ஸப்புக்கு அனுப்பு. இங்கே நள்ளிரவானாலும் பரவாயில்லை, கரைக்கு வந்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா