இரவு 2 மணி ஊசி 6:50 ஆன கதை: நிர்வாகத்துக்கும் மென்பொருள் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும், எங்கள் வார்டு மென்பொருளை வடிவமைத்த குழுவினருக்கும் வணக்கம்.

நைட் டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ்களுக்குப் போன வாரம் மெமோ வந்தது. வார்டில் பாதிப் பேருக்குக் காலை 6:50-ஐ ஒட்டி மருந்து கொடுத்ததாகக் கணினியில் பதிவாகியிருக்கிறதாம், விளக்கம் தர வேண்டுமாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். விளக்கத்தை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

இரவு 2 மணிக்கு ஒருவருக்குச் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு டூட்டி டாக்டருக்குப் போன் செய்கிறோம். அவர் எமர்ஜென்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை யூனிட் இன்சுலின் போடுங்கள் சிஸ்டர், ஆர்டரை அப்புறம் ஏற்றுகிறேன் என்கிறார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு ஊசி போடுகிறோம். வேலை நடக்கும் வரிசை இது. உங்கள் திரைக்கு இந்த வரிசை தெரியாது. டாக்டர் ஆர்டர் ஏற்றினால்தான் ‘கொடுத்தாயிற்று’ என்ற பொத்தானுக்கே உயிர் வரும். அவர் கணினி முன்னால் உட்காரும்போது விடிந்திருக்கும். அதுவரை அந்த ஊசிக்கு ஒரே சாட்சி, கையுறைப் பெட்டி அட்டையில் நான் கிறுக்கி வைத்த ஒரு வரிதான்.

ஆர்டர் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகப் பதிய உட்கார்ந்தால், நேரம் போடும் கட்டம் பூட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்திய நேரம்தான் மருந்து கொடுத்த நேரம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நடுவில் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டு, போய்விட்டு வந்தால், திரை நம்மை வெளியே தள்ளியிருக்கும். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி நோயாளிப் பட்டியல், அடித்ததெல்லாம் போச்சு. 6:50 வந்தது இப்படித்தான்.

மெமோவில் இல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. காலை டியூட்டிக்கு வருகிற சிஸ்டர் திரையை மட்டும் நம்பினால், இன்சுலின் இப்போதுதானே போட்டிருக்கிறார்கள் என்று சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியை நிறுத்தி வைப்பார். நாங்கள் படுக்கை படுக்கையாக நின்று வாயால் சொல்லிக்கொடுப்பதால் அது நடக்காமல் இருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மென்பொருள் குழுவிலிருந்து ஒருவராவது ஒரு முழு நைட் டியூட்டி எங்களோடு வார்டில் இருங்கள். எந்த வேலைக்குப் பின் எது வருகிறது, எது எங்கே அறுபடுகிறது, அறுபட்டது எப்படித் தொடர்கிறது என்று எழுதுங்கள். எழுதியதை எங்களிடம் காட்டிவிட்டு அப்புறம் திரையைத் தொடுங்கள்.

இது என் மூளையில் உதித்த யோசனை இல்லை. கம்ப்யூட்டர் படிக்கும் என் தங்கை மகளுக்கு ‘டாஸ்க் அனாலிசிஸ்’ என்று பாடமே இருக்கிறது. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதும் முறையை ஆனெட், டங்கன் என்ற இரண்டு பேர் 1967-லேயே வகுத்துவிட்டார்களாம். அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களுக்குப் புதுக் கணினி வாங்கப் பார்த்த கதையும் அதில் வருகிறது. பார்வைக்கு அது வேகமான இயந்திரம். ஆனால் ஆபரேட்டரின் வேலையை நொடி நொடியாக மாதிரி போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், ஓர் அழைப்புக்குச் சுமார் 0.6 விநாடி கூடுதலாகும் என்றார்கள். நேரில் சோதித்தபோது அப்படியேதான் இருந்தது. புது இயந்திரத்தை வடிவமைத்தவர்கள், ஆபரேட்டர் எப்படியும் காத்திருக்கிற நேரத்தில் அழுத்தும் சாவிகளைக் குறைத்துவிட்டு, காத்திருக்க முடியாத இடத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அங்கே அரை விநாடிக்கு அவ்வளவு கணக்கு. இங்கே ஐந்து மணி நேரம் தவறிப்போகிறது, எங்களுக்கு மெமோ வருகிறது.

மருத்துவமனைக் கதை வேண்டுமென்றால் தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரம் இருக்கிறது. 1986-ல் டெக்சாஸில், பழகிய கை உள்ள ஓர் ஆபரேட்டர் தவறாக அடித்த ஓர் எழுத்தைத் திரையில் மேலே போய்த் திருத்திவிட்டுச் சட்டென்று கீழே வந்தார். அவ்வளவு வேகமாக ஒருவர் திருத்துவார் என்பதற்கு அந்த மென்பொருள் தயாராக இல்லை. நோயாளி மேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, அவர் பிழைக்கவில்லை.

எங்களுக்குப் பயிற்சி தரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏ.சி. அரங்கில் பயிற்சி நடந்தது, டீயும் சமோசாவும் கிடைத்தன. திரையில் இருந்தவர் பெயர் ‘டெஸ்ட் பேஷண்ட்’. அவர் வாந்தி எடுக்கவில்லை, பெட்பேன் கேட்கவில்லை, அவருடைய டாக்டர் ஆர்டர் போடாமல் ஓர் அடிகூட நகரவில்லை. அப்படி ஒரு நோயாளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. குறை சொல்லவும் வழி வைத்திருக்கிறீர்கள், அதே மென்பொருளில், லாகின் செய்து, ஏழு கட்டம் நிரப்பினால். அந்த நேரத்துக்கு இரண்டு பேருக்கு ஊசி போட்டுவிடலாம். வருகைப் பதிவுக்கு விரல் ரேகை, கை கழுவியதற்கு ஒரு டிக், டிக் போட்டதைச் சரிபார்த்ததற்கு இன்னொரு டிக்...

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

போன் ஆர்டரை நர்ஸே பதிந்து டாக்டர் பிறகு ஒப்புதல் தருவது, உண்மையான நேரத்தைக் காரணத்தோடு போடுவது, பாதியில் விட்டதைச் சேமித்து வைப்பது ஆகியவை உடனடியாகத் தேவை. ஆனால் இந்த மூன்றை மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஓர் இரவு வந்து இருங்கள். தேதியை நீங்களே சொல்லலாம். ஸ்டேஷனில் நாற்காலி போட்டு வைக்கிறோம், உட்கார நேரம் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

மெமோவுக்கான என் பதிலாகவும் இந்த மடலையே கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி