மரண அறிவித்தலுக்கு அடுத்த பக்கம்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கு,

"செய்வினை, ஏவல், ஆவித் தொல்லை நீங்க 24 மணி நேரத்தில் தீர்வு." உங்களில் ஒருவருடைய ஞாயிறு இதழில், மரண அறிவித்தல்களுக்கு அடுத்த பக்கத்தில் வந்த பெட்டி விளம்பரம் இது. என் சின்னம்மா அதைக் கத்தரித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அது என் கண்ணில் பட்ட நாளில் அவர் கைகளில் காப்பு இருக்கவில்லை.

சித்தப்பாவின் அந்தியேட்டி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதிகாலை நாலரைக்கு எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டே கேத்திலை அடுப்பில் வைப்பது அவர் வழக்கம். அவர் போன பிறகும் அந்தச் செருமல் சின்னம்மாவுக்குக் கேட்டது. பைத்தியம் என்று நினைத்துவிடுவோமோ என்று எங்களிடம் மறைத்தவர், விளம்பரத்தில் இருந்த இலக்கத்திடம் சொல்லிவிட்டார். யாரோ ஆவியைக் கட்டிவைத்திருக்கிறார்கள், கழிக்க வேண்டும் என்றார்கள். காப்புகள் செட்டியார் தெருவில் அடகுக்குப் போயின. நகை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதுவரை துணையாக இருந்த சத்தம், அந்த அழைப்புக்குப் பிறகு அவரை நடுங்க வைத்தது. விளக்கை அணைக்காமலே படுத்தார்.

வேல்ஸில் டூயி ரீஸ் என்ற வைத்தியர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் தன் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். பலர் அவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் உருவத்தையே கண்டிருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனாலும் பெரும்பாலானோர் அதை எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண்டுக்கணக்காக ஒரு செருமலுக்கு விழித்துப் பழகிய காது, தண்ணீர்க் குழாயின் முனகலிலும் அதைத் தேடிப் பிடிக்கும். காதுக்கு எட்டாத மிச்சத்தை மனம் தன் எதிர்பார்ப்பால் நிரப்பிக்கொள்ளும்.

நான் கடவுள் நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. பசிபிக் கடலிலுள்ள த்ரோப்ரியாண்ட் தீவு மீனவர்கள் அமைதியான களப்பில் மந்திரமின்றி மீன் பிடித்தார்கள் என்றும், ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு செய்தார்கள் என்றும் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி எழுதினார். கைமீறிப்போன இடத்தில் மனிதர் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் செய்வார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றும் சைவர்களில் சின்னம்மாவும் ஒருவர். அங்கே அவரிடம் எவரும் காப்பைக் கேட்டதில்லை.

கொழும்பு பாமன்கடையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை மோசடிக்கு இடமில்லாத சோதனையில் நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. 24 மணி நேரத் தீர்வுக்காரர்களிடம் விளம்பரக் காசு வாங்குமுன் நீங்கள் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

அந்தப் பெட்டியை நிறுத்துங்கள். அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள். அந்த நிறுவகம் இருக்கும் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் சின்னம்மா போன்றவர்கள் மாந்திரீகரிடம் போகிறார்கள்.

ரீஸின் ஆய்வைப் பற்றி அவருக்குச் சொன்னேன். "அந்தப் பெண்களுக்கும் கேட்டதா?" என்று மூன்று தடவை கேட்டார். அன்றிரவு விளக்கை அணைத்தார். உங்கள் பத்திரிகையை இன்றும் வாங்குகிறார். மரண அறிவித்தல்களை விரல் வைத்து வாசித்து முடித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி