தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கும் கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணிக்கட்டிலும் கட்டைவிரலின் அடியிலும் ஏற்படும் தசைநாண் வலியைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனை ஓயாமல் தட்டும் இளைஞர்களுக்கு வரும் தொல்லையாக மட்டுமே அந்த வலியை அது காட்டியிருந்தது. செல்போனுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல நான் மருத்துவர் அல்ல. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். ஆனால், இந்த வலியால் அவதிப்படுவோரில் கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பது எலும்பு மூட்டு மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. அவர்களைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததே இக்கடிதத்தை எழுதக் காரணம்.

சென்ற ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்த ஐந்தாம் வாரத்தில், வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். பச்சை உடம்புக்காரி, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்திருப்பாள், வாய்வு பிடித்திருக்கும் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "நாங்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த சில நாட்களில் ஒரு மாலை, தூளியில் அழுத குழந்தையைத் தூக்கப் போனவள், பாதி உயரத்தில் 'அம்மா' என்று அலறி, குழந்தையைத் தூளியிலேயே நழுவவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் எடை அப்போது நான்கு கிலோ இருந்தால் அதிகம். அன்றுதான் அவள் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வளையல் வந்து இடிக்கும் இடத்தில், எலும்பு மேடாகத் தெரியும் பக்கத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு தடிப்பு இருந்தது. கட்டைவிரலை அசைக்கச் சொல்லிவிட்டு அதன்மேல் விரலை வைத்தபோது, உள்ளே ஏதோ நறநறவென்று உரசுவதைப் போல இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, சுளுக்குதான், தடவினால் சரியாகிவிடும் என்று சொல்ல, சுளுக்குத் தடவுபவரை வீட்டுக்கே வரவழைத்தோம். அவர் எண்ணெய் வைத்து, கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, முழங்கை வரை உருவிவிட்டார். அன்றிரவு கை வீங்கியது. மறுநாள் காப்பி ஆற்றுவதற்குக்கூட டம்ளரைத் தூக்க முடியவில்லை. பிறகு அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள், வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் நோய் இருந்தது எலும்பில் அல்லவே! எக்ஸ்ரேயில் தெரியாத வலியைப் பெண்கள் சொன்னால், அதை மனக்குறையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வீட்டிலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு மூட்டு மருத்துவர் கருவி எதையும் தொடவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடிக்கொள்ளச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். மகள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். இந்தச் சோதனை, 1930-ல் இந்நோயைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஹாரி ஃபிங்கெல்ஸ்டீனின் பெயரால் இன்று வழங்குகிறது. வீட்டில் செய்து பார்க்கத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும்: நோயில்லாத கையிலும் இப்படிச் சாய்த்தால் சற்று இழுத்து வலிக்கத்தான் செய்யும். இரண்டு கைகளையும் ஒப்பிட்டு, வலி எந்த இடத்தில், எவ்வளவு கூர்மையாக வருகிறது என்று பார்த்து முடிவு சொல்வது மருத்துவரின் வேலை.

அவர் விளக்கியதை என் தொழில்மொழியில் சொல்கிறேன். பாவாடையின் இடுப்பு மடிப்புக்குள் நாடா ஓடுகிறது. மடிப்பு அளவாக இருந்தால் நாடா வழுக்கிக்கொண்டு போய் வரும். மடிப்புத் துணி தடித்துச் சுருங்கிவிட்டால், நாடா நல்ல நாடாவாகவே இருந்தாலும் இழுக்க இழுக்கச் சிக்கும், சில இடங்களில் திரண்டுகொள்ளும். நம் முன்கைத் தசைகளிலிருந்து புறப்பட்டுக் கட்டைவிரலுக்கு வரும் இரண்டு தசைநாண்கள், ஒன்று விரலை அகல விரிக்கவும் மற்றொன்று அதை நிமிர்த்தவும் உதவுபவை, மணிக்கட்டின் ஓரத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுள்ள ஒரு குறுகிய வழியில் சேர்ந்து செல்கின்றன. அதற்கு எலும்பு தரையாகவும் உறுதியான நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்திருக்கின்றன. கட்டைவிரலை விரித்துக்கொண்டே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் ஒவ்வொரு முறையும், அந்தத் தசைநாண்கள் எலும்பின் விளிம்பில் மடங்கி உரசுகின்றன. உரசல் மிகும்போது கூரையும் உறையும் தடிக்கின்றன. வழி மேலும் குறுகுகிறது. உரசல் இன்னும் கூடுகிறது. தசைநாண் அழற்சி என்றுதான் இதைச் சொல்கிறோம். ஆனால், நாள்பட்ட நோயாளிகளின் உறையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் கண்டது அழற்சி அணுக்களை அல்ல, தடித்து நலிந்த திசுவையே. ஏற்கெனவே தடித்துப்போன மடிப்பைத்தான் நாங்கள் எண்ணெய் போட்டுக் கசக்கியிருக்கிறோம் என்று அப்போது புரிந்தது.

இது செல்போன் காலத்து நோய் அல்ல என்பதற்கு அதன் வரலாறே சான்று. 1895-ல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வேன் இதைத் தனி நோயாக விவரித்ததால், இன்றும் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. (தைராய்டு சுரப்பியில் வரும் ஒருவகை வீக்கத்துக்கும் அவர் பெயர்தான்.) அதற்கும் முன்பே, ஆங்கில உடற்கூறியல் பாடநூல் ஒன்று இதைச் சலவைத் தொழில் செய்யும் பெண்களின் சுளுக்கு என்று குறித்திருந்தது. நாள் முழுவதும் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த கைகள் அவை. இன்று மேலைநாட்டு மருத்துவர்கள் பேச்சுவழக்கில் இதைத் தாயின் கட்டைவிரல் என்கிறார்கள். அன்றைக்குச் சலவைப் பெண், இன்றைக்குத் தாய். பெயர்களில்கூட இது பெண்களின் வேலையோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

தாய்மார்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பதைத் தூளியின் அருகில் நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். குழந்தையின் இரண்டு அக்குள்களிலும் கையைக் கொடுத்துத் தூக்கும்போது, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் 'ட' எழுத்தைப் போல விரிகின்றன. குழந்தையின் முழு எடையும் அந்த விரிந்த விரல்களில் தொங்குகிறது. தூளியின் துணி இரு பக்கமும் நெருக்குவதால் மணிக்கட்டையும் வளைத்தே கையை உள்ளே விட வேண்டியிருக்கிறது. பாலூட்டும்போது தலையைத் தாங்கும் கையோ அரை மணி நேரம் வளைந்தபடியே இருக்கிறது. ஒரு நாளில் இருபது, முப்பது முறை தூக்கி இறக்குகிற கைக்கு, அவ்வப்போது ஈரத்துணிகளைப் பிழியும் வேலையும் சேர்ந்துவிடுகிறது. குழந்தையோ வாரத்துக்கு வாரம் கனம் கூடிக்கொண்டே போகிறது. பேறுகாலத்தையொட்டி உடலில் ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களுக்கும் நீர்கோப்புக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். வலி பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களில் தலைகாட்டுகிறது, சிலருக்கு இரண்டு கைகளிலும். தாய்மார்கள் மட்டும் அல்ல, கத்தரிக்கோல் பிடிக்கும் தையல்காரர்களும், எங்கள் பக்கத்தில் பீடி இலை வெட்டும் பெண்களும் இதே இடத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் கையிலும் வேலைக்காலத்தில் ஒரு முறை வந்து போயிற்று, அதற்கு ஒரு பெயர் உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது.

கட்டைவிரல் பக்கத்து வலி எல்லாமே இதுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரவில் விரல்கள் மரத்துப்போனால் அது நரம்பு அழுந்துவதால் இருக்கலாம். வயதானவர்களுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானமும் ஏறக்குறைய இதே இடத்தில் வலிக்கும். கையூன்றி விழுந்தபின் வந்த வலி என்றால் எலும்பு முறிவு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவம் என்று பார்த்தால், முதலில் தேவைப்படுவது ஓய்வு. கைக்குழந்தைக்காரியிடம் ஓய்வெடு என்று சொல்வது எளிது, கொடுப்பதுதான் கடினம். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றை மருத்துவர் அணியச் சொன்னார். கடையில் கிடைக்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலை விட்டுவிடுவதால் அது உதவாது. இது தெரியாமல் நாங்கள் முதலில் வாங்கியது அதைத்தான். பாலூட்டும் தாய் எந்த வலி மாத்திரையை எடுக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை வேண்டாம். இவற்றுக்கு அடங்காவிட்டால், அந்தக் குறுகிய உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் வேண்டவே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ஆனால், மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையும், குறித்த இடத்தில் போடும் ஓர் ஊசியும் ஒன்றல்ல. பெரும்பாலானோருக்கு அந்த ஊசியில் வலி தணிந்துவிடுகிறது. அதன் பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் பயம் இராது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துச் சற்றுக் குழியலாம். நம் மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரிவதால் வெண்குஷ்டமோ என்று மிரண்டு போகிறவர்கள் உண்டு, ஆனால் பலருக்கும் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறலாம். சிலருக்கு அந்த வழியின் உள்ளேயே ஒரு தடுப்புச் சுவர் இருப்பதால், மருந்து ஒரு தசைநாணை மட்டும் எட்டி மற்றதை எட்டாமல் போவதும் உண்டு. எதற்கும் மசியாத வலிக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது: அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கூரையை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுகிறார்கள். தோலுக்கு அடியிலேயே ஓடும் மெல்லிய உணர்வு நரம்பைக் காயப்படுத்தாமல் செய்ய வேண்டிய வேலை என்பதால், தேர்ந்த கையிடம் போவது நல்லது. என் மகளுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. பட்டையும், தூக்கும் முறையில் செய்த மாற்றமுமே ஏழெட்டு வாரங்களில் வலியைக் குறைத்துவிட்டன.

இதில் என் கோரிக்கை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ஊசி போட வேண்டியிருப்பதால், இந்த வலி தொடங்கும் காலத்திலும் முற்றும் காலத்திலும் தாய் எப்படியும் ஒரு செவிலியரின் முன்னால் வந்து உட்காருகிறாள். குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், தாய்ப்பால் கொடுக்கிறாயா என்று கேட்கிறார்கள், தாய் சேய் நல அட்டையில் குறிக்கிறார்கள். "குழந்தையைத் தூக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறதா?" என்ற ஒரு கேள்வியையும் கிராம சுகாதார செவிலியர் அப்போது கேட்டால், அதற்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது. என் மகள் 6-ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போயிருந்தபோது யாராவது அப்படிக் கேட்டிருந்தால், சுளுக்குத் தடவுபவர் எங்கள் வீட்டுப் படியேறியிருக்க மாட்டார். சுகாதாரத் துறை இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். குழந்தையைத் தூக்கும் சரியான முறையைப் படமாக வரைந்து, கால் பக்க அளவிலாவது வெளியிடுங்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, ஒரு கை பிட்டத்துக்கு அடியிலும் மற்றது கழுத்துக்கும் தலைக்கும் அடியிலும் செல்ல வேண்டும்; கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்க வேண்டும்; குழந்தையை மார்போடு அணைத்து, முன்கையில் எடையை வாங்கிக்கொண்டு நிமிர வேண்டும். பாலூட்டும்போது மடியில் ஒரு தலையணை போதும். தூளியைச் சற்று உயர்த்தி, இடுப்பளவில் கட்டிக்கொண்டால் குனிந்து கையை வளைக்க வேண்டியதில்லை; எங்கள் வீட்டு உத்தரத்தில் கயிற்றை இரண்டு சாண் சுருக்கிக் கட்டியதும் நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
தென்காசி.