அக்டோபர் கணக்கும் என் நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைப் பணியாளர்களுக்கு விற்பனைப் பயிற்சி கொடுத்தால் வியாபாரம் கூடும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடலாம். கூடியதா இல்லையா என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் என் சங்கடம்.

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் பெண்ணாகச் சேர்ந்தேன். 19 வருடம் ஆகிறது. இப்போது முதல் மாடி புடவைப் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

2024 செப்டம்பரில் என் மாடிப் பெண்கள் 24 பேரை ஓட்டல் ஹாலுக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நானும் போனேன். வந்தவர் நன்றாகவே பேசினார், குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, பயிற்சி எப்படி இருந்தது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் போடச் சொன்னார்கள். எல்லாரும் ஐந்து போட்டோம். போடாமல் என்ன செய்வோம்? இரண்டு நாளும் ஏசியில் உட்கார்ந்திருந்தோம், மத்தியானம் பிரியாணி. கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். பண்டிகைக் காலத்தில் எங்கள் மாடியில் அந்த ஸ்டூல்களில் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்தத் தாளில் வேறென்ன வரும்?

தீபாவளி முடிந்து மீட்டிங். 2023 அக்டோபரைவிட 2024 அக்டோபரில் முதல் மாடி விற்பனை எவ்வளவோ ஏறிவிட்டது, எல்லாம் பயிற்சியின் பலன் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. முந்தின வருடம் நவம்பரில் விழுந்த கடைசி வாரக் கூட்டம் மொத்தமும் 2024இல் அக்டோபரிலேயே விழுந்துவிட்டது. இதற்குப் பயிற்சி எதற்கு, காலண்டர் போதுமே! அதைவிட வேடிக்கை, இரண்டாம் மாடி பட்டுப் பிரிவுக்குப் பயிற்சியே கிடையாது. அடுத்த பேட்ச் என்று தள்ளி வைத்திருந்தார்கள். அங்கேயும் அதே அளவுக்கு ஏறியிருந்தது. அந்தப் படத்தை யாரும் திரையில் போடவில்லை.

வீட்டில் என் மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் எம்.பி.ஏ. படிக்கிறாள். அமெரிக்காவில் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959லேயே இதற்கு நான்கு படி சொல்லிவிட்டார் என்றாள். பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. அப்படியென்றால் எங்கள் கடை முதல் படியில் கால் வைத்து நேராக நாலாவது படிக்குத் தாவியிருக்கிறது.

நடுவில் நடந்தது என் நோட்டில் இருக்கிறது. பயிற்சியில் உருப்படியாக ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர் முன்னால் புடவையை விரிப்பதற்கு முன்பு, யாருக்கு, என்ன விசேஷத்துக்கு, எவ்வளவுக்குள் என்று கேட்க வேண்டும். சரி, கேட்கிறார்களா என்று பார்ப்போம் என தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கவுண்டர் ஓரமாக நின்று குறித்தேன். கேட்டாளா, எத்தனை புடவை விரித்தாள், பில் விழுந்ததா, கூடவே ரவிக்கைத் துணியோ பாவாடையோ போனதா, மறுநாள் மாற்ற வந்தார்களா. அவ்வளவுதான்.

முதல் வாரம் கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டார்கள். நான்காவது வாரம் 5 பேர்தான் கேட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "அக்கா, கேட்டா அவங்க வேற ரேக்குல இருக்கறதைக் கேப்பாங்க. எனக்குக் காசு இந்த ரேக்குலதானே?" என்றாள். அவள் காட்டியது தேங்கிய சரக்கு ரேக். அதில் ஒரு பீஸ் தள்ளினால் 20 ரூபாய் இன்சென்டிவ். ஓட்டல் ஹாலில் வாடிக்கையாளர் விருப்பத்தைக் கேள் என்கிறோம், சம்பளக் கவரில் கேட்காதே என்கிறோம். அந்தப் பெண் எந்தப் பேச்சைக் கேட்பாள்?

விடாமல் கேட்ட அந்த 5 பேருடைய பக்கங்களைப் புரட்டினால், பில்லுக்கு 10, 12 புடவைதான் விரித்திருக்கிறார்கள். மற்றவர்கள் 30 வரை போனார்கள். ராத்திரி கடை சாத்தும்போது மடிக்கிற வேலை யாருக்குக் குறைவு என்று சொல்லவே வேண்டாம். மாற்ற வந்தவர்களும் இவர்கள் கவுண்டரில் குறைவு. ஆக பயிற்சியில் சரக்கு இருந்தது. இது மாத விற்பனைத் தொகையில் தெரியாது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இல்லை. பயிற்சி பெற்ற 24 பேரில் பொங்கலுக்குள் 9 பேர் வேலையை விட்டுப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு யாரும் ஹால் பிடிக்கவில்லை. எங்கள் பழைய சேல்ஸ்மேன் அண்ணன் ஒருவர்தான் காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் நிற்க வைத்துச் சொல்லித்தருகிறார். நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வருவது பட்டு, சில்க் மார்க் சீட்டு எங்கே இருக்கும், முந்தியை எப்படித் தோளில் போட்டுக் காட்டுவது. இதற்கு மதிப்பெண் தாள் கிடையாது, பிரியாணியும் கிடையாது. ஆனால் தினமும் நடக்கிறது.

இப்போது மறுபடியும் பயிற்சி பற்றிப் பேச்சு நடக்கிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அதே அக்டோபர் கணக்கைப் போட்டால் இந்தத் தடவை பயிற்சியால் விற்பனை இறங்கிவிட்டது என்றுதான் வரும். அப்போது திட்டு வாங்கப்போவது என் மாடிப் பெண்கள். தீபாவளிக்கு முந்தைய 30 நாளை அதேபோன்ற 30 நாளோடு ஒப்பிடுங்கள், இரண்டாம் மாடியையும் பக்கத்தில் வையுங்கள், தேங்கிய சரக்கு இன்சென்டிவை ஒரு மாதமாவது நிறுத்திப் பாருங்கள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோட்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடை சூப்பர்வைசர்,
திருச்சி.
(பெயர் வெளியிட வேண்டாம்)