திருவிருந்து வரிசையில்

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவருடைய கிருபை உன்னோடிருப்பதாக. ஞாயிறுதோறும் நம் ஊர் ஆராதனையை யூடியூபில் பார்த்துவிடுவதால் பெங்களூரில் கோயிலுக்குப் போகாதது ஒரு குறையாகத் தெரியவில்லை என்று போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. கோபம் ஒன்றுமில்லை, உடனே சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். 2020இல் கோயில் பூட்டிக் கிடந்த மாதங்களில் நானும் உன் அம்மாவும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஜெபித்தோம், அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயர் செய்ததை யோசித்துப் பார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, வேதம் அவரவர் வீட்டுக்கே போய்ச் சேர வழிசெய்த அதே மனிதர், அதோடு நின்றுவிடாமல் 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தையும் கட்டி முடித்தார்; அடுத்த ஆண்டே அதற்குள் அடக்கமும் ஆனார். வீட்டிலிருந்து வாசித்தால் போதுமென்றால் அவருக்கு அந்தச் சுவர்கள் எதற்கு?

போன ஞாயிறு திருவிருந்தில், அப்பமும் ரசமும் வாங்க முழங்காலிடும் வரிசையில், என் பக்கத்தில் இருந்தவர், சிறுவயதில் உன்னைச் சைக்கிளில் ஏற்றிப்போவாரே, அந்த வாய்க்கால்கரை மாமா. குறுவை நடவு முடிந்து இரண்டு நாள்கூட ஆகாததால் அவர் நகக்கண்களில் சேறு இன்னும் போகவில்லை. மூட்டுவலியால் முழங்காலிட அவருக்கு நேரமாகும். நம் சபை ஐயர் அப்பத்தட்டை ஏந்தியபடி நின்றார். வரிசையில் இருந்த நாங்களும் காத்திருந்தோம், மிஞ்சிப்போனால் அரை நிமிடம். போஜனம்பண்ணக் கூடிவரும்போது "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த அரை நிமிடத்தைத்தான் என்று எனக்குப் பட்டது. எழும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்நேரம் காமிரா பாடகர் குழுவைக் காட்டியிருக்கும். பாட்டு இழுத்துக்கொண்டே போகிறதென்று நீ தள்ளி ஓட்டியும் இருப்பாய்.

பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கும் கோயில்கள் உண்டு. பிரசங்கம் சுமார் என்பாய். இங்கும் பல வாரங்கள் அப்படித்தான். வரும் ஞாயிறு போய், வயதானவர் யாராவது தனியாக இருக்கும் பெஞ்சாகப் பார்த்து உட்கார். வாய்க்கால்கரை மாமா உன்னை விசாரித்தார். அறுப்பின் பண்டிகைக்கு வருவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா