மோடத்தில் பச்சை லைட் மினுக்குகிறதா? கொஞ்சம் பொறுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கரண்ட் போய் வந்த அடுத்த நிமிடமே எங்கள் அலுவலக போன் அடிக்கத் தொடங்கிவிடும். "தம்பி, பச்சை லைட் மினுக்கிக்கிட்டே இருக்கு, நெட் வரலை" என்பார்கள். அது பழுது இல்லை. உங்கள் மோடமும், எல்லா வீட்டு மோடம்களையும் இங்கிருந்து கட்டுப்படுத்தும் எங்கள் ஓஎல்டி கருவியும் இணைப்புக்காகப் பேசிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபைபர் இழைதான். போக்கும் வரவும் அதிலேயே. இங்கிருந்து வரும் ஒளி 1490 நானோமீட்டர், உங்களிடமிருந்து வருவது 1310. அலைநீளம் வேறு என்பதால் எதிரெதிரே போனாலும் குழப்பம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பத்தில் உள்ள ஸ்ப்ளிட்டர் ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு வீட்டு மோடம்கள் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் இங்கே எதையும் பிரித்துப் படிக்க முடியாது. அதனால், அனுமதி கிடைக்காமல் எந்த மோடமும் ஒளி அனுப்பக் கூடாது என்பது, இப்படி ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஜிபான் முறையின் கறாரான விதி.

கரண்ட் வந்ததும் மோடம் முதலில் கவனிக்க மட்டும்தான் செய்யும். ஓஎல்டி அவ்வப்போது மற்ற மோடம்களைக் கணநேரம் நிறுத்திவைத்துவிட்டு, புதிதாக யார் வந்திருப்பது என்று கேட்கும். உங்கள் மோடம் தன் சீரியல் நம்பரைச் சொல்லும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் வந்திருக்குமே, எல்லா மோடமும் சேர்ந்து பதில் சொன்னால்? அதற்காகவே ஒவ்வொன்றும் 48 மைக்ரோவினாடிக்குள் (ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தன் போக்கில் ஒரு தாமதம் வைத்துக்கொள்ளும். அப்படியும் மோதினால் அடுத்த சுற்றில் மறுபடி.

நம்பர் எங்கள் பதிவில் இருந்தால், அப்புறம் அவரவர் முறையில் அனுப்பும் ஒளி இங்கே மோதாமல் வந்து சேர, தூரத்தை அளக்கும் வேலை. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். எங்கள் பக்கத்து வீட்டுக்கும் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டுக்கும் போய்வரும் நேரத்தில் 80 மைக்ரோவினாடி வித்தியாசம். கிட்டே உள்ள மோடத்தை அந்த அளவு கூடுதலாகக் காக்கச் சொல்லி, எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஓஎல்டி ஆக்கிவிடும். இந்தத் தொழிலில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இதெல்லாம் முடிந்து இணைப்பு உறுதியான பிறகுதான் பச்சை லைட் நிலையாக எரியும்.

ஆகவே கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் விடுங்கள். அணைத்து அணைத்துப் போட்டால் மோடம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரீசெட் ஓட்டையில் ஊசி விடவே வேண்டாம். யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்துபோகலாம்.

லாஸ் (LOS) என்ற சிவப்பு லைட் எரிந்தால் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே கூப்பிடுங்கள். எங்கள் ஒளி உங்களிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். இழை அறுந்தோ மடங்கியோ இருக்கும். சிவப்பு இல்லாமல் பச்சை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேலும் மினுக்கினால், உங்கள் பதில் இங்கே வரவில்லை அல்லது சீரியல் நம்பர் பதிவில் இல்லை. அதற்கும் கூப்பிடலாம்.

வேறு மோடம் வாங்கினால் மாட்டுவதற்கு முன் எங்களிடம் கொண்டுவாருங்கள். கெட்டுப்போன ஒரு மோடம் முறை பார்க்காமல் ஒளியை விட்டுக்கொண்டே இருந்தால், அதே ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீட்டிலும் நெட் நின்றுபோகும். சோதித்து, சீரியல் நம்பரைப் பதிந்து கையோடு தந்துவிடுகிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் ஃபைபர் இணைப்பு அலுவலகம்