எரேமியாவின் கடிதத்தை முழுவதும் வாசிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்வுபெறும் பெண்கள் பலருக்கு வேலை முடிவதும் வீடு போவதும் ஒன்றாகவே வருகின்றன. வேலை இருக்கும் வரைதான் லயன் வீடு, அதாவது தோட்டத்தில் தொழிலாளர்களுக்குத் தரப்படும் வரிசை வீடு. பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலையில் இருந்தால் குடும்பம் அங்கேயே தங்கிவிடலாம், எல்லாரும் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டிருந்தால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். இந்த நடைமுறையின் நியாயத்தைத் தொழிற்சங்கங்களும் அரசும் பேசித் தீர்க்கட்டும். அப்படிப் புறப்படும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எங்கள் சபைகள் என்ன ஆறுதல் சொல்லி அனுப்புகின்றன என்பதைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் புதிய ஆண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்கும் வழக்கத்தைக் கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த அட்டைகளில் அதிகமாக விரும்பப்படும் வசனங்களில் ஒன்று, வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலுள்ள 29:11. கர்த்தர் நம் பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று அது சொல்லுகிறது. வீட்டைக் காலி செய்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போதும் இந்த வசனமே முதலில் வாசிக்கப்படுகிறது. வாசித்த கையோடு, இன்னும் சில மாதங்களில் எல்லாம் சரியாகிவிடும், இதைவிட நல்ல வீட்டைத் தேவன் ஆயத்தம் பண்ணியிருக்கிறார் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் எரேமியா அப்படிச் சொல்லவில்லை.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரால் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியாவோ தம் கடிதத்தின் 10ஆம் வசனத்தில் 70 வருடம் என்று எழுதுகிறார். கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். அந்த உண்மையை மறைக்காமல் சொன்ன பிறகுதான் சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய வாக்குறுதி வருகிறது. அதற்கும் முன்பாக, 5ஆம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்றும், 7ஆம் வசனத்தில், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

எங்கள் மக்களுக்கு இது புதிய அனுபவமல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா சம்மதித்தது. அதன்படி தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை தரும் பொருட்டே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்கள் உருவாயின. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையாகக் கப்பலில் வந்தவர்கள்தாம் இன்று ஓய்வுபெற்று, வாழ்நாளில் இரண்டாம் முறையாக வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். இவர்களிடம் போய் எல்லாம் நன்மைக்கே என்று அவசரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் சபையின் அக்கா ஒருவர் அப்படிப் புறப்பட்டபோது, வழியனுப்பும் ஜெபத்தில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், இப்ப அழுதா விசுவாசம் இல்லைன்னு நினைப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை எந்தச் சபையும் தன் பிள்ளையிடமிருந்து வரவழைக்கக் கூடாது. சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் கண்ணீரின் ஜெபங்கள் எத்தனை! 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரை ஆறுதல் ஒன்றும் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அழுகை அவிசுவாசம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த அக்காவைத் தாங்கியது எது என்பதையும் நான் பார்த்தேன். பெண்கள் சங்கத்தார் அவரோடு உட்கார்ந்து பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் உரிய படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான் என்றாலும், ஆதார் அட்டையில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதுவும் தாமதமாகும். அதைத் திருத்த உடன் போவதும் ஊழியமே. படிவ வேலை முடிந்த பிறகு பாட்டுப் பாடினார்கள், அவரை அழவிட்டார்கள், ஜெபித்தார்கள். லயன் வாசலில் அவர் படரவிட்டிருந்த மேராக்காய் (சௌசௌ) கொடியிலிருந்து முளைவிட்ட காய்களை ஒரு சணல் பையில் எடுத்துக்கொண்டுதான் வண்டி ஏறினார். திருப்பூரில் மகன் பிடித்திருக்கும் வாடகை வீட்டில் மண் தரையே கிடையாது. பெயின்ட் வாளியில் மண் நிரப்பி முழுக் காயாக நட்டிருப்பதாகவும், அந்தத் தெருவில் எல்லாருக்காகவும் காலையில் ஜெபிப்பதாகவும் தொலைபேசியில் சொன்னார். மலையை நினைத்து இன்னும் அழுகிறார். எரேமியாவின் கடிதத்துக்குக் கீழ்ப்படிகிறவராக நான் அவரைப் பார்க்கிறேன்.

ஆகவே மாவட்டத்தின் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஆண்டின் அட்டையில் 11ஆம் வசனத்தை அச்சிடுவதானால் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களையும் 10ஆம் வசனத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள். சபையில் அடுத்து யார் ஓய்வுபெறுகிறார்கள் என்பதை ஆறு மாதம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சமவெளிக்குப் போகிறவர்களின் கையில் சபை மாற்றுக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், அவர்கள் போய்ச் சேரும் ஊரின் ஆயரைத் தொலைபேசியில் அழைத்து, முதல் ஞாயிறன்று அவர்களை வீட்டுக்கே வந்து அழைத்துப் போகும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.